கிளிக் பண்ணிப் பாத்தியா?

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அன்றைக்கே போன் வரும். "எங்க அச்சாயிருக்கு? பேரு சரியாப் போட்டிருக்காங்களா? நீ கண்ணால பாத்தியா?" என்று மூன்று கேள்வி கேட்பார். பார்த்தேன் என்று சத்தியம் செய்தாலும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். அக்கா என்றே இருக்கட்டும்.

ஆறு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழியில் ஒரு பனியன் கம்பெனி. குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். கீழே தையல், செக்கிங், பேக்கிங். மாடியில் நாங்கள். நான் மெர்ச்சண்டைசர், அதாவது உடுப்பு வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அக்கா டிடிபி. ஒவ்வொரு சீசனுக்கும் ஒவ்வொரு பையருக்கும் கம்ப்யூட்டரில் கேட்டலாக் செய்வது அவர் வேலை. பக்கத்துக்கு ஒரு உடுப்பு, அதன் படம், கீழே ஸ்டைல் நம்பர். நம்பரைக் கிளிக் செய்தால் அந்த உடுப்பின் டிசைன், அளவு, துணி, தையல் விவரம் எல்லாம் இருக்கிற தாள் ஆன்லைனில் திறக்கும். பையர் அங்கே உட்கார்ந்து கிளிக் செய்து பார்ப்பார். பிடித்திருந்தால் ஆர்டர் போடுவார்.

கேட்பதற்கு எளிய வேலைதான். அக்கா கையில் போனால் மூன்று நாள் இழுக்கும். கேட்டலாக் முடிந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு லிங்க்கையும் கிளிக் செய்வார். திறந்த தாளைப் படித்துப் பார்த்து, பக்கத்தில் வைத்திருக்கிற காகிதத்தில் டிக் போடுவார். அது முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். இப்போது நான் கிளிக் செய்ய வேண்டும், அவர் டிக் போடுவார். நாற்பத்திரண்டு லிங்க் என்றால் எண்பத்து நான்கு கிளிக்.

"அதான் ஒருக்கா பாத்தாச்சுங்களேக்கா" என்றால், "நான் பாத்தது எனக்கு. நீ பாக்குதது பையருக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே பையர் மெயிலுக்கு மேல் மெயில் போட்டுக்கொண்டிருப்பார். இங்கே இந்த அம்மாள் பதினேழாவது டிக்கில் பேனா எழுதவில்லை என்று வேறு பேனா தேடிக்கொண்டிருப்பார்.

அக்கா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் ஆன கையோடு புருஷனும் பெண்டாட்டியும் வேலை தேடித் திருப்பூர் வந்தவர்கள். எத்தனை வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. நாங்கள் கொங்குக்காரர்கள், நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்கிறவர்கள். அவர் என்னை முதல் நாளே "ஏ பிள்ள" என்றார். மேனேஜருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. ஒரு நாள் பத்துப் பேர் இருக்கும் மீட்டிங்கில் அவர் முகத்துக்கு நேராக, "சார், அனுப்பிட்டேன்னு சொல்லுதியளே, கிளிக் பண்ணிப் பாத்தியளா?" என்று கேட்டுவிட்டார். மேனேஜர் "இல்லீங்க, இப்பப் பாத்தர்றேனுங்க" என்று எழுந்து போனவர் அந்த மீட்டிங்குக்குத் திரும்பி வரவில்லை.

லிங்க் என்று இல்லை, எதையும் அப்படித்தான். முதலாளிக்குப் புதிதாக விசிட்டிங் கார்டு அடித்து வந்தது. படம் நன்றாக இருக்கிறது, காகிதம் கனமாக இருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டோம். அக்கா ஒரு கார்டை எடுத்து அதிலிருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து அடித்தார். முதலாளி அடுத்த அறையில்தான் இருந்தார். அவர் போன் சத்தமே போடவில்லை. கொமரலிங்கத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் எடுத்தார். ஒரு நம்பர் மாறிப்போயிருக்கிறது. அதை உடனே சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே? கால் மணி நேரம் பேசினார். ஆற்றில் தண்ணீர் வருகிறதா, நாற்று நட்டாயிற்றா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "நல்ல மனுசன், பாவம். இந்தக் கார்டு வெளிய போயிருந்தா வெள்ளக்காரன் பூரா அவருக்குல்லா போன் போட்டிருப்பான்" என்றார்.

நாலு மணிக்கு டீ வரும். ஸ்டோர்ஸ் அண்ணன் சர்க்கரை வியாதிக்காரர், அவருக்குச் சீனி போடாத டீ. தட்டில் எல்லா டம்ளரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்கா எழுந்து வந்து அவர் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் கைக்கு டம்ளர் போகும். அவரும் சலித்துப்போய் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எனக்கு யாருங்க வெசம் வெக்கப் போறாங்க?"

"வெசம்னா அன்னிக்கே தெரிஞ்சிரும். சீனின்னா தெரியாதுல்லா" என்றார் அக்கா. அந்த அண்ணன் அதற்குப் பிறகு அக்கா வரும்வரை டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்.

கலர் விஷயத்தில் இன்னும் மோசம். கம்ப்யூட்டரில் தெரிகிற கலரை அவர் கலர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "அது வெறும் வெளிச்சம்" என்பார். அவர் மானிட்டரைச் சுற்றிச் சாயம் போட்ட துணித் துண்டுகளை ஒட்டி வைத்திருப்பார். கேட்டலாக் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மாடிப்படித் திருப்பத்தில் வெயில் விழுகிற இடத்துக்குப் போய், துணியையும் காகிதத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். படியில் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரையும் நிறுத்தி, "ரெண்டும் ஒண்ணா இருக்கா?" என்று கேட்பார். கட்டிங் மாஸ்டரைக் கேட்பார், பீகாரிலிருந்து வந்த பேக்கிங் பையன்களைக் கேட்பார். அவர்கள் "சேம் சேம் தீதி" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

ஒரு முறை ஜெர்மனிக்காரர்களின் கேட்டலாக் ஃபைலில் ஒரு நாள் முழுக்கக் கலர் பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பல வருஷத்துப் பக்கங்களை வெட்டி ஒட்டியதில் ஒரே நீலம் ஐந்து பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்கா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரே நீலத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த சாஃப்ட்வேரில் ஒரு கலரை நீக்கப் போனால், இதற்குப் பதில் எதைப் போடட்டும் என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாரு பிள்ள, எவ்வளவு பொறுப்பாக் கேக்கு. நம்ம ஆளுவ எவனாவது கேப்பானா?"

"பையர் கேக்கறாருங்கக்கா. கேட்டலாக் எங்கன்னு" என்றேன் நான். "இரு. இனிமே இந்த ஒரு எடத்துல கலர மாத்துனா நாப்பத்திரெண்டு பக்கமும் தன்னால மாறும்" என்றார். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பின்னால் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான்.

போன வருஷம் அக்கா குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார். நான் புது நம்பரிலிருந்து வணக்கம் அனுப்பினால் பதில் வராது. "நீதானா? நம்ம ரூம்ல ஃபேன் எந்தப் பக்கம் சத்தம் போடும்?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். சரியாகச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பார்.

இங்கே வேலை பார்த்த நாளில் அவரிடம் எனக்கு ஆகவே ஆகாத பழக்கம் ஒன்று இருந்தது. லீவில் போவதற்கு முன்னால், ஆர்டர் முடிந்த பையர்களின் தாள்கள் இருக்கிற ஆன்லைன் ஃபோல்டர்கள் அத்தனையையும் பூட்டிவிட்டுப் போவார். அவர் தவிர யாரும் திறக்க முடியாது. நாங்களும்தான். ஒரு பழைய அளவு பார்க்க வேண்டும் என்றால் அவர் வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிற மாமியார் மாதிரி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எதை மன்னித்தாலும் ஒன்றை மன்னிக்க மாட்டார்கள். ஒரு பையருடைய டிசைன் இன்னொரு பையர் கண்ணில் படக் கூடாது. பட்டால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். தன் டிசைன் வெளியே போனதென்று ஒருவர் போவார். நாளைக்கு நம்முடையதும் இப்படித்தான் போகும் என்று மற்றவர் போவார். காட்டிக் கொடுத்த மெர்ச்சண்டைசருக்கு வேறு கம்பெனியிலும் வேலை கிடைக்காது. ஊர் பெரிசு, ஆனால் பேச்சு சுற்றிவர ஒரு நாள் போதும்.

ஜெர்மனிக்காரர்கள் எங்களுக்குப் பழைய பையர், அவர்களுடைய ஆர்டர் அப்போதுதான் முடிந்திருந்தது. டென்மார்க்கில் ஒரு புதுப் பையரை நான் ஒன்றரை வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆர்டர் வந்தால் வேலை இல்லாமல் கிடக்கிற இரண்டு தையல் லைனும் ஓடும். கடைசியில் ஒரு வியாழக்கிழமை அந்த டென்மார்க் அம்மாள் மெயில் போட்டார். கேட்டலாக் நாளைக்கே வேண்டும், வார இறுதியில் பார்த்து முடிவு சொல்கிறோம் என்று. அக்கா அன்று காலையில்தான் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். போகும்போதே சொல்லியிருந்தார். "டென்மார்க்க நான் திங்கக்கெழம வந்து செய்யுதேன். நீ ஃபைலத் தொடாத."

தொட்டேன். வேறு என்ன செய்ய?

கம்ப்யூட்டரில் இருந்த ஜெர்மனி கேட்டலாக்கை இன்னொரு பெயரில் சேமித்துக்கொண்டேன். படங்களை மாற்றினேன். ஸ்டைல் நம்பர்களை அழித்துப் புது நம்பர் அடித்தேன். டென்மார்க் தாள்களைப் புது ஃபோல்டரில் ஏற்றினேன். ஜெர்மனிக்காரர்களின் நீலத்தை நீக்கப் போனேன். பெட்டி வந்து கேட்டது. டென்மார்க்காரர்களின் சிவப்பைக் கொடுத்தேன். அடேயப்பா, ஒரே நொடியில் நாற்பத்திரண்டு பக்கமும் சிவப்பாகிவிட்டது. கோடு, தலைப்பு, ஸ்டைல் நம்பர், மூலையில் இருக்கிற பொட்டு வரைக்கும். இதற்குப் போயா அக்கா மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார் என்று தோன்றியது. கலர் தானாக மாறியதுபோல நம்பருக்கு அடியில் இருக்கிற லிங்க்கும் நம்பரோடு சேர்ந்து மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி ஒரு வினாடியும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பிவிட்டேன்.

மதியம் டென்மார்க் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. கேட்டலாக் அழகாக இருக்கிறது, ஆனால் லிங்க் எதுவும் திறக்கவில்லை, அனுமதி வேண்டும் என்கிறது, கேட்டிருக்கிறேன், சீக்கிரம் கொடுங்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த அக்கா போகிற போக்கில் நான் புதிதாகப் போட்ட ஃபோல்டரையும் சேர்த்துப் பூட்டுகிற மாதிரி எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். உடனே போன் போட்டேன். பின்னால் பேண்டு வாத்தியச் சத்தம்.

"அக்கா, டென்மார்க் லிங்க் ஒண்ணும் தெறக்க மாட்டேங்குதுங்க. என்னத்தப் பூட்டி வெச்சுட்டுப் போனீங்க?"

"டென்மார்க்கா? அத நான் இன்னும் செய்யவே இல்லியே."

"நானே செஞ்சு அனுப்பிச்சுட்டனுங்க."

பேண்டுச் சத்தத்தை விட்டு அக்கா தள்ளி வந்தார்.

"கிளிக் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தனுங்க."

"பாத்திருந்தா தெறக்கலன்னு அப்பமே ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா."

மாட்டிக்கொண்டேன். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க. இப்ப உங்க போன்ல இருந்து தெறந்து உட்ருங்க."

"போன்ல ஆபீஸ் மெயில் வைக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப பாஸ்வேர்டச் சொல்லுங்க. நான் தெறந்துக்கறேன்."

"மாட்டேன். திங்கக்கெழம வந்து கண்ணால பாத்துட்டுத்தான் தெறப்பேன்."

"இந்த ஆர்டர் போச்சுன்னா உங்களாலதானுங்க போச்சு. தெரிஞ்சுக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்திலும் ங்க போட்டுத்தான் திட்டியிருக்கிறேன். பொங்கலூர் வளர்ப்பு அப்படி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஊட்டில் யாராவது என்ன என்று கேட்டால் போதும், அக்காவின் கொடுமைகளை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.

திங்கட்கிழமை அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆபீசுக்கு வந்தார். கையில் தூத்துக்குடி மக்ரூன் பலகார டப்பா. என் மேசையில் வைத்தார். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் தன் இடத்தில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தார். பிறகு அக்கா மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இங்க வா. டென்மார்க்குக்காரி எதுக்கு ஜெர்மன்காரன் தாளக் கேக்கா?"

போய்ப் பார்த்தேன். மூன்று மெயில். மூன்றிலும் டென்மார்க் அம்மாளின் பெயர். திறக்க அனுமதி கேட்டிருந்தது ஜெர்மனிக்காரர்களின் ஏழாவது, பதினொன்றாவது, இருபதாவது டிசைன் தாள்களை. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அனுமதி கொடுக்கிற பொத்தான். வெள்ளிக்கிழமை நான் அழுத்தச் சொல்லிக் கத்திய பொத்தான்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "அவங்க பாத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பூட்டிக் கெடந்தா எப்படிப் பாப்பா? கதவத் தட்டிட்டு வெளிய நிக்கா" என்றார் அக்கா. சொல்லிவிட்டுத் தான் சொன்னதையே அவர் நம்பவில்லை. என் கம்ப்யூட்டருக்கு வந்து, ஆபீஸ் மெயிலிலிருந்து வெளியேறி, நான் அனுப்பிய கேட்டலாக்கில் நாற்பத்திரண்டு நம்பரையும் வெளியாள் மாதிரி ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தார். நாற்பத்திரண்டு முறையும் அனுமதி தேவை என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. அதில் பெயர் இல்லை, படம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வெள்ளைப் பக்கத்துக்கும் எனக்கு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கிளிக் செய்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் வெளிய போவல" என்றார் கடைசியில். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"கலரு எல்லாம் மாறுச்சுங்களேக்கா. அதான் லிங்க்கும் மாறியிருக்கும்னு..."

"கலருக்கு ஒரே பேரு குடுத்துக் கட்டி வச்சிருக்கேன், ஒண்ண மாத்துனா எல்லாம் மாறும். லிங்க் அப்படி இல்ல. ஒண்ணொண்ணும் தனி. மேல நம்பர மட்டும் மாத்துனா அடியில பழைய வழி அப்படியே கெடக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று மெயிலுக்கும் அனுமதி மறுத்தார். பிறகு ஃபைலைத் திறந்து, லிங்க் இருக்கிற இடமெல்லாம் கட்டம் தெரிகிற மாதிரி வைத்து, நாற்பத்திரண்டையும் புது ஃபோல்டருக்கு மாற்றினோம். அவர் கிளிக் செய்ய நான் டிக் போட்டேன். நான் கிளிக் செய்ய அவர் டிக் போட்டார். எண்பத்து நான்கு. டென்மார்க்கில் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு, நம் ஊரில் மதியம், பழையதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது. இப்போது எல்லாம் திறக்கிறது, நன்றி, அந்தச் சிவப்பு எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

"மொதலாளிட்டச் சொல்லிரு" என்றார் அக்கா. மறைத்துவிடலாம் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் அவர் கதவருகில் நின்று, நான் முதலாளி அறைக்குள் போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெளிய போச்சா?"

"போகலீங்க."

"அப்பறம் என்னத்துக்குக் கண்ணு அழுகறே? போயி சோறு தின்னு."

மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது, இரண்டு லைனும் ஓடின. ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் நினைவில் நிற்கிறது. டீ வந்து, ஸ்டோர்ஸ் அண்ணன் டம்ளரைச் சோதித்துக் கொடுத்துவிட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். நெடுநேரமாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஊருக்குப் போறப்ப எதுக்குங்க எல்லாத்தையும் பூட்டிட்டுப் போனீங்க? எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

சேச்சே, அப்படியெல்லாம் இல்லை பிள்ள என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இல்ல" என்றார் அக்கா. "நீ அவசரக்காரி. தொடாதன்னு சொன்னாலும் தொடுவன்னு தெரியும். அதான் பூட்டுனேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு மாதம் அவரோடு பேசியிருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன்.

"ரொம்ப நன்றிங்கக்கா."

"எதுக்கு?"

"நம்பாம இருந்ததுக்குங்க."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து என் மேசையில் தொடாமல் கிடந்த மக்ரூன் டப்பாவைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"நில்லு" என்றார். "ராத்திரி பூரா பஸ்ல வந்துருக்கு. நமுத்திருக்கான்னு பாக்கணும்."

டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். அவர் தின்று முடித்துச் சரி என்று தலையாட்டும்வரை நான் என் மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.